பகலில் அவிழ்த்துவிட வேண்டிய நாய்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நாய்க்கென்று எழுதாத வேலை நேரம் ஒன்று உண்டு. விடிந்ததும் சங்கிலி, பொழுது மசங்கியதும் அவிழ்ப்பு. திருட்டுக்கும் நரிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கோழிக்குப் பொருந்தாது. கோழியையும் குஞ்சையும் ஓயாமல் தூக்குகிற கீரியும் வல்லூறும் பகலில் திரிபவை. கோழி மேய்கிற நேரத்தில் நாய் வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கும். நாய் அவிழும் நேரத்தில் கோழி கூட்டில் அடைந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. என்றைக்காவது பகலில் சங்கிலி கழன்றால் முதல் கோழியைப் பிடிப்பதும் அந்த நாய்தான்.

ஐம்பது அறுபது நாட்டுக்கோழிக்கு நடுவே பகல் முழுக்க அவிழ்ந்து கிடக்கிற ஒரு நாயை வளர்ப்பது என்று முடிவு செய்தேன். நாயோடு பட்ட பாடு பாதி, கூட்டோடும் வேலியோடும் பட்ட பாடு மீதி. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கூட்டைச் சரிசெய்யாமல் நாயை மட்டும் நம்பியவர்கள் எங்கள் ஊரில் கோழியையும் இழந்திருக்கிறார்கள், நாயையும் திட்டியிருக்கிறார்கள்.

தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். கொஞ்சம் கிணற்றுப் பாசனம், அதை ஒட்டிக் கொறங்காடு. மானாவாரி நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வளரவிட்டு, மாடும் செம்மறியும் மாற்றி மாற்றி மேய்ப்பதுதான் கொறங்காடு. கிளுவை வேலி மாட்டை நிறுத்தும், ஆட்டை நிறுத்தும். கீரியை நிறுத்தாது. அதன் வளையே வேலியடி நிழலில்தான் இருக்கிறது.

எது பிடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். "எதுவோ புடிச்சுட்டுப் போயிருச்சு" என்று விட்டுவிட்டால் எத்தனை காசு செலவழித்து வலை அடித்தாலும் வீண். செத்த கோழியும் சிதறிய இறகும் பெரும்பாலும் சொல்லிவிடும். ஓரிடத்தில் வட்டமாக இறகைப் பிய்த்துப் போட்டிருந்தால் வல்லூறோ பருந்தோ. பட்டப்பகலில் குஞ்சு குறைந்து, தாய்க்கோழி ஒரு புதரைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றால் கீரி. பெட்டைக்கோழி கிடைத்தால் கழுத்தைக் கடித்துப் புதருக்குள் இழுக்கும். இரவில் கூட்டுக்குள்ளேயே நாலைந்து செத்து, தலையும் கழுத்தும் மட்டும் தின்னப்பட்டிருந்தால் மரநாய். முட்டையோ சின்னக் குஞ்சோ ஓர் இறகுகூட உதிராமல் காணாமல் போனால் பாம்பு. விழுங்க முடியாமல் கக்கிவிட்டுப் போன குஞ்சு சில நேரம் தலைப்பக்கம் நனைந்து, இறகெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கும். தின்னாமலே ஏழெட்டுக் கோழி அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்தால் நாய், அதுவும் பெரும்பாலும் கூட்டமாக வந்த நாய்.

எங்களுக்கு இவை எல்லாமே உண்டு. அதனால் வேலையைப் பிரித்தேன். மரநாய் இரவில் வருவது, பாம்பு எந்த நேரமும் வரலாம். அவற்றைக் கூடு பார்த்துக்கொள்ள வேண்டும். கீரியும் தெருநாயும் நம் நாய்க்கு. வல்லூறுக்கு மர நிழலும் மேல்வலையும். இந்தப் பிரிவினை செய்த பிறகுதான் எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று புரிந்தது.

பழைய கூடு கீத்துக் கொட்டகை. சுற்றிலும் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை. அந்த வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர வெளியே இருப்பதை நிறுத்தாது. நாய் பல்லால் பிய்த்துவிடும், துருப்பிடித்த இடத்தை மரநாய் நகத்தாலேயே கிழிக்கும். அதை எடுத்துவிட்டு அடியில் ஹாலோ பிளாக் இரண்டு வரி வைத்து, அதற்குமேல் வெல்டு மெஷ் அடித்தேன். கீழே 3 அடி உயரம் வரை அரை அங்குலக் கண், அதற்குமேல் 1 அங்குலக் கண். அரை அங்குல வலைக்கு விலை கூடுதல்தான். ஆனால் ஒரு அங்குலக் கண்ணில் சின்னப் பாம்பு தாராளமாக நுழையும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியையும் அடைத்தாக வேண்டும். மரநாய் வருவது அந்த வழியாகத்தான். கீழே எவ்வளவு கெட்டியாகக் கட்டினாலும் அதற்குக் கவலையில்லை.

சுற்றியுள்ள மேய்ச்சல் வேலியின் அடிப்பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கைவிடுவது அந்த இடத்தில்தான். வலையை 2 அடி ஆழத்துக்கு நேராகப் புதைக்கச் சொல்வார்கள். எங்கள் மண்ணில் ஒரு சாணுக்குக் கீழே சுக்காங்கல். கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வரும், நெருப்புப் பொறிகூடத் தெறிக்கும். அதனால் வலையைப் புதைக்காமல், வேலியின் அடியில் வெளிப்பக்கமாக மடக்கி, ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையோடு படுக்கப் போட்டேன். தோண்டுகிற மிருகம் எதுவானாலும் வேலியின் காலடிக்கு வந்துதான் பிறாண்டும். நகத்துக்குக் கம்பி தட்டும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் போடலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. படுக்கப் போட்ட வலைமேல் நாலு விரக்கடை மண் தள்ளி, இடையிடையே உடைந்த கடப்பாக்கல் வைத்தேன். ஒரு மழை பெய்து புல் முளைத்ததும் அதன் வேரே வலையைத் தைத்துப் பிடித்துக்கொண்டது. இப்போது கம்பி எங்கே இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

வலையையும் வலையையும் சேர்க்கிற இடத்தில் சாணுக்கு ஒரு கட்டுக்கம்பி முடிச்சு. முறுக்கி வெட்டிய முனை வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கோழியின் கண் போகும். இன்னொன்று, வெட்டி விழுந்த துண்டுக் கம்பிகளை விடவே கூடாது. மினுக்குகிற எதையும் கோழி கொத்தும். அது இரைப்பையைக் குத்தினால் எந்த வைத்தியத்துக்கும் நிற்காது. வேலை முடிந்த அன்றே ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கூட்டுத் தரையிலும் வேலியோரத்திலும் இழுத்துக்கொண்டே நடந்தேன். காந்தம் முழுக்க முள்ளம்பன்றி மாதிரிக் கம்பி சிலிர்த்து நின்றது.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்கு. வெயில் நேராக உள்ளே அடிக்காது. இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆடி மாதத்தில் சும்மா விடாது, இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்பதும் அதற்காகத்தானே. மேற்குப் பக்கத்தை மட்டும் முழுச் சுவராக எழுப்பி, வடக்கையும் தெற்கையும் வலையாக விட்டேன். உள்ளே கோழிக்கு 2 சதுர அடி கணக்கு, தரையில் நெல் உமி. அடைகிற கம்புக்கு மூங்கில் வேண்டாம். அதன் கணுவிலும் வெடிப்பிலும் செள்ளு குடியேறும். தோல் சீவிய வேப்பங்கம்பு, எல்லாம் ஒரே உயரத்தில். மேலே ஒன்று கீழே ஒன்று வைத்தால் மேல் கம்புக்குத் தினமும் சண்டை.

கிழக்கு ஓரத்தில் குஞ்சுகளுக்கு ஒரு சின்ன முற்றம். அதை ஒட்டி நாய்க்கு ஆறுக்கு ஆறடி அறை. இரண்டுக்கும் நடுவே வலை மட்டும். நாய் படுக்கிற இடமும் குஞ்சு அடைகிற இடமும் ஒரே வலையின் இரண்டு பக்கம். மேஸ்திரி இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாய்க்குத் தெனமும் சினிமாக் காட்டறீங்களா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான்.

இனி நாய்க்கு வருகிறேன்.

நாட்டு நாய் என்றதும் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நாலு பெயர் வரும். நாலும் நல்ல நாய்கள். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. எது ஓடினாலும் துரத்துவது அவற்றின் ரத்தம். கோழி நாளெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிற பிறவி. பழக்கிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ராஜபாளையம் 2005-ல் அஞ்சல் தலையில் வந்த பெருமைக்குரிய இனம், காவலுக்குக் கெட்டி. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. வாங்குபவர்கள் குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். துருக்கியின் காங்கல், பிரனீஸ் மலையின் பெரிய வெள்ளை நாய் என்று ஆட்டோடேயே பிறந்து வாழ்ந்து காக்கிற இனங்கள் வெளிநாட்டில் உண்டு. காஷ்மீரத்தில் மேய்ப்பர்களிடம் பக்கர்வால் நாய் இருக்கிறது. அவ்வளவு ரோமத்தோடு ஒரு நாயைக் கொண்டுவந்து எங்கள் சித்திரை வெயிலில் விடுவது பாவம்.

நம்மிடம் அந்த வேலைக்கு இருப்பது பட்டி நாய். இனப் பெயர் கிடையாது, சான்றிதழ் கிடையாது. செம்மறிப் பட்டியில் பிறந்து, ஆட்டுப் புழுக்கையிலேயே புரண்டு வளர்ந்தது. பக்கத்து ஊரில் கிடை போடுகிற ஒரு பெரியவரிடம் கேட்டேன். என் அப்புச்சி காலத்துப் பழக்கம். குட்டிகளைக் காட்டுவார் என்று போனால் அவர் தாயைக் காட்டினார்.

"குட்டியப் பாத்து எடுக்காதீங்க தம்பி. தாயப் பாருங்க. ஆடு ஈனறப்ப இவ பக்கத்துலயே படுத்திருப்பா. நஞ்சுக்கொடிய வாயில வெக்க மாட்டா. அதுதான் பாக்கோணும்."

பிறகு குட்டிகளைக் கூப்பிட்டார். ஒன்று ஓடிவந்து என் காலைச் சுற்றி வாலாட்டியது. எனக்கு அதுதான் பிடித்தது. அவர் தலையை ஆட்டினார். "இது ஊட்டு வாசல்லயே கெடக்குமுங்க, காட்டுல நிக்காது. அங்க ஒளியறது பாருங்க, அதும் ஆவாது. நடுவுல ஒண்ணு, தலையத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி படுத்துக்குச்சு பாருங்க? அதக் கொண்டுட்டுப் போங்க." செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக்குட்டி. நாய்க்குட்டிக்குக் காசு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஈடு பொரிக்கும்போது ஒரு சேவற்குஞ்சு கொடுத்தால் போதுமாம். பெயர் செவலை என்றே நின்றுவிட்டது.

எட்டு வாரத்துக் குட்டி அது. நாய்க்கு மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரைக்கும் பார்க்கிறதும் முகர்கிறதும் மனதில் அப்படியே பதியும். அந்த வயதில் தினமும் கூட இருந்தது அதற்குப் பிற்பாடு புதுமையில்லை. பதினோரு மாத நாயைக் கொண்டுவந்து கோழிக்குப் பழக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். செவலை அந்தச் சின்ன அறையில் படுத்துக்கொண்டு, வலைக்கு அந்தப் பக்கம் குஞ்சு சீய்ப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனாள். எனக்கு வேண்டியதும் அந்தச் சலிப்புதான். குஞ்சைப் பார்த்ததும் காது நிமிர்கிற நாய் ஆகாது. பார்த்துவிட்டுக் கொட்டாவி விடுகிற நாய்தான் தேறும்.

காலையிலும் மாலையிலும் கயிற்றில் பிடித்து வேலியோரமாக ஒரு சுற்று. எப்போதும் ஒரே தடம், ஒரே திசை. கேட்டுக்கு வெளியே கூட்டிப் போனதில்லை. இதை எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாய் கோழியைக் காப்பதில்லை. அது தன் இடத்தைக் காக்கிறது. கோழியை அந்த இடத்தின் ஒரு பாகமாக ஆக்கிவிடுவது மட்டும்தான் நம்மால் ஆகிற வேலை. இந்த ஒன்று விளங்காமல் "கோழிய மேய்க்க நாய்" என்று ஆசைப்படுகிறவர்கள், நாய் கோழிகளை மூலையில் கூட்டி நிறுத்துவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். அது காவல் அல்ல, வேட்டையின் முதல் பாதி.

குட்டியை முதலில் விட்டது குஞ்சில்லாத மூத்த பெட்டைகளிடம். மூக்கில் ஒரு கொத்து வாங்கினாள், ஒழுங்காக ஒதுங்கப் படித்தாள். குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழியிடம் சின்னக் குட்டியை விடக்கூடாது. அது கண்ணைப் பார்த்தே பாயும்.

ஆறு மாதத்துக்குமேல் ஒன்றரை வயது வரை உள்ள காலம்தான் சோதனை. உடம்பு வளர்ந்திருக்கும், புத்தி குட்டியாகவே இருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் "இது கோழி திங்கற நாய்" என்று முத்திரை குத்தி மறுபடி சங்கிலியில் போடுகிறார்கள். இந்த வயதில் அது தின்பதற்காகப் பிடிப்பதில்லை. முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டி விளையாடக் கூப்பிடுகிறது. கோழி பயந்து ஓடுகிறது. ஓடியதும் ஆட்டம் துரத்தலாகிவிடுகிறது. செவலையும் ஒரு வெடைக்கோழியை அப்படித்தான் கொன்றாள். கடித்த காயம்கூட இல்லை. காலால் அமுக்கி, நக்கி, தூக்கிப் போட்டு விளையாடியதில் அது செத்திருந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு வருவதற்கு முன்னால் ஓர் அடையாளம் தெரியும். மேய்ந்து வருகிற கோழிகளின் முதுகைத் தடவிப் பாருங்கள். மழையில்லாத நாளில் முதுகு இறகு ஈரமாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால், அல்லது வால் இறகு இரண்டு மூன்று குறைந்திருந்தால், நாய் வாய் வைத்துப் பார்க்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே கயிறு போட வேண்டும். கட்டிப் போடுவதைச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி நைலான் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டி, தரையில் இழுபட விடுவது. நாம் கண்ணெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் வெளியே, இல்லாவிட்டால் வலை அறைக்குள். ஓட ஆரம்பித்தால் கயிற்றை மிதித்தால் போதும்.

செத்த கோழியாலேயே நாயை அடிக்கச் சொன்னார்கள். கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு அழுகவிடச் சொன்னார்கள். இரண்டும் நாய்க்கு ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும்: நீங்கள் இல்லாதபோது பிடி. அடிக்குப் பதிலாகப் பார்வையைக் கவனிக்க வேண்டும். துரத்துவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. காது முன்னால் வரும், வால் நிற்கும், உடம்பு விறைக்கும், கண் ஒரு கோழிமேல் குத்தி நிற்கும். அந்த நொடியில் ஒரு "ஏய்" போட்டால் திரும்பிப் பார்க்கும், காது தளரும், அப்போது ஒரு தட்டுத் தட்டிக் கொடுக்கலாம். ஓட ஆரம்பித்த பிறகு நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அதன் காதில் விழாது. வீட்டுப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தது: பந்து எறியக்கூடாது, காக்காயைக் காட்டி "புடி புடி" என்று உசுப்பக்கூடாது. பிள்ளைகள் கேட்டார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள்தான் கேட்பதில்லை.

சாப்பாட்டு நேரம் இன்னொரு வில்லங்கம். கோழிக்கு வெட்கம் கிடையாது, நாயின் தட்டிலேயே வந்து கொத்தும். கோழியோடு எவ்வளவு ஒட்டிப் பழகிய நாயும் தட்டில் வாய் வைத்தால் கடிக்கும், அது நாயின் குற்றமல்ல. காலையில் கூட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேளை, சாயங்காலம் கூட்டை அடைத்த பிறகு ஒரு வேளை. கம்பங்களியோ சோறோ, மோர், வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் வேகவைத்த கறிக்கழிவு. வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது, ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். குஞ்சுத் தீவனத்தையும் நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும். ரத்தக்கழிச்சலுக்காக அதில் கலக்கிற சில மருந்துகள் நாய்க்கு விஷம்.

முட்டையை மத்தியானத்துக்குள் பொறுக்கிவிடுவேன். அடைகூடைகளை இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் நாட்டுக்கோழிக்கு நாம் வைத்த கூடையைவிட வேலியோரப் புதர்தான் பிடிக்கும். அங்கே திருட்டுத்தனமாக இடுகிற முட்டையைச் செவலை கண்டுபிடித்துத் தின்கிறாள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறேன். சம்பளத்தில் சேர்த்துக்கொண்டாயிற்று.

பலன் தெரிய ஆரம்பித்தது ஒன்றரை வயதுக்குப் பிறகு. சேவல் இரண்டு விதமாக எச்சரிக்கும். வானத்தில் வல்லூறு தெரிந்தால் நீளமாக ஓர் இழுப்பு. உடனே எல்லாம் கிடைத்த நிழலில் பதுங்கிச் சத்தமில்லாமல் கிடக்கும். தரையில் ஆபத்து என்றால் கொக் கொக் கொக் என்று விடாமல் கத்தும். எல்லாம் கழுத்தை நீட்டி ஒரே பக்கம் பார்க்கும். செவலை இந்த இரண்டாவதைப் படித்துக்கொண்டாள். நான் கற்றுக்கொடுக்கவில்லை, கற்றுக்கொடுக்கத் தெரியவும் தெரியாது. ஒருநாள் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் கத்தல் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து, கோழிகள் இருக்கிற பக்கம் போகாமல், கோழிகளுக்கும் கிளுவை வேலிக்கும் நடுவே போய் நின்றாள். வேலியடியில் கீரி பின்னங்காலில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. இவள் ஒரே ஒரு தரம் குரைத்தாள். கீரி உட்கார்ந்து, யோசித்து, வளைக்குள் போய்விட்டது. இவள் அந்த இடத்தை முகர்ந்து, காலைத் தூக்கிக் கொஞ்சம் ஒன்றுக்கு விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். துரத்தவே இல்லை. துரத்திப் போயிருந்தால் அந்த நேரத்தில் இன்னொரு கீரி வேறு பக்கம் வந்திருக்கலாம். சில நேரம் சோடியாகவும் திரிகிற பிராணி அது.

கீரியைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை, சட்டமும் இடம் தராது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரியும் வருகிறது, மயிலும் வருகிறது. மயில்தான் எங்களுக்குத் தலைவலி. கோழித் தீவனம் எங்கே இருக்கிறதோ அங்கே வரும். நாய் ஒரு மயிலைப் பிடித்தால் வழக்கு நம்மேல். அதனால் கோழிக்குப் போட்ட அதே "ஏய்" மயிலுக்கும். தீவனத் தொட்டியைக் கூட்டுக்குள் கொண்டுபோனதும் மயில் வரத்து பாதியாகக் குறைந்தது. குருணைப் பூச்சி மருந்தைக் கறியில் தடவி வேலியில் வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சட்ட விரோதம் என்பது ஒருபுறம், அந்தக் கறி முதலில் கொல்வது பக்கத்துத் தோட்டத்து நல்ல நாயைத்தான்.

தெருநாய்க் கூட்டம் வேறு கதை. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை பக்கமெல்லாம் சமீப வருஷங்களில் பட்டி பட்டியாக ஆடு செத்து, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கியது தெரிந்ததுதான். கறிக்கடைக் கழிவை மூட்டை கட்டிச் சாலையோரம் வீசுவது நிற்காதவரை இந்தக் கூட்டம் குறையாது என்பது என் கருத்து. அஞ்சாறு நாய்க்கு முன்னால் ஒற்றை நாய் என்ன செய்யும்? குரைத்து நம்மை எழுப்பும், அதற்குள் கடிபட்டுச் சாகும். அதனால் இரண்டாவது நாய் அவசியம். அதே தாயின் அடுத்த ஈட்டில் ஒரு கடுவன் குட்டி எடுத்தோம். வால் மட்டும் கருப்பு, கருவாலி. இவனைப் பழக்க எனக்கு வேலையே இருக்கவில்லை. கோழியைப் பார்த்து விறைத்தால் செவலை உறுமுவாள், முடிந்தது. சாலைப் பக்கத்துக்கு மட்டும் 5 அடி செயின் லிங்க் வேலி போட்டு, மற்ற பக்கங்களில் கிளுவையின் சந்துகளை வேலாமுள் வெட்டிப்போட்டு அடைத்தோம்.

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அது பருவத்துக்கு வந்தால் சுற்று வட்டாரத்து ஆண் நாய்கள் அத்தனையும் உங்கள் வேலியடியில் தவம் கிடக்கும். எதைத் தடுக்க நாய் வளர்த்தீர்களோ அதற்கு நீங்களே பந்தி போட்டுக் கூப்பிட்ட மாதிரி. இரண்டுக்கும் கால்நடை மருத்துவரிடம் செய்தாயிற்று. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில் முதல் ஊசி, அதற்கொரு ஊக்க ஊசி, பிறகு வருஷம் தவறாமல். கீரியோடும் தெருநாயோடும் முகம் பார்க்கிற நாய்க்கு இதில் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குட்டியாக இருக்கும்போது பார்வோ என்கிற வைரஸ் கழிச்சலுக்கான ஊசி. குடற்புழு மருந்தை நாய்க்கும் கோழிக்கும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுகிறேன், ஞாபகம் வைக்கச் சுலபம்.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல்தான் எமன். நாய் எத்தனை நல்லதானாலும் அதைத் தடுக்க முடியாது. குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஆர்2பி என்கிற தடுப்பூசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும், காசு கிடையாது. கோடை தொடங்குமுன் அதை விடக்கூடாது. மருந்தை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து, வெயில் தாழ்ந்ததும் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நோயில் செத்த கோழியை நாய்க்குப் போடுகிறவர்கள் உண்டு. அது அதை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்துத் தோட்டம் வரை நோயைக் கொண்டுபோகும். 3 அடிக் குழி, சுண்ணாம்பு, மேலே ஒரு கட்டு முள். முள் இல்லாவிட்டால் கருவாலி தோண்டிவிடுவான், அவனுக்கு அதில் ஒரு தனி ஆர்வம்.

இப்போதைய நிலை: கீரியிடம் பெரிய கோழி எதுவும் போவதில்லை. பகலில் இரண்டும் அவிழ்ந்தே கிடக்கின்றன, இரவில் ஒன்று கூட்டைச் சுற்றி, ஒன்று கேட்டருகில். வல்லூறுக்கு நாயால் பதில் இல்லை. குஞ்சு முற்றத்துக்கு மேலே பழைய மீன்வலை கட்டியிருக்கிறேன், இரண்டு மாதம் வரை குஞ்சும் தாயும் அதற்குள்தான். ஆடிக்காற்று அடித்தால் நாய்களுக்கு மேற்கிலிருந்து வருவது மட்டும்தான் மோப்பத்தில் தெரிகிறது, கிழக்குப் பக்கம் ஏமாந்துவிடுகின்றன. போன ஆடியில் குஞ்சு குறைந்ததும் கிழக்கு மூலையில்தான். அந்த மூலையில் படுக்கை வலை இன்னும் போடவில்லை. வலையும் கல்லும் வாங்கிக் கிடக்கிறது, ஐப்பசி மழை இறங்கி மண் இளகட்டும்.